உருப்படியா ஒண்ணு சொல்லுங்க மாமா

அக்கா மகனுக்கு பி.ஈ. கடைசி வருஷம். வெள்ளிக்கிழமை காலை ஜீரோத் ரிவ்யூ. வியாழன் ராத்திரி பத்தரைக்கு போன் செய்து, "மாமா, ஓஎஸ்ல உருப்படியா ஒரு ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்ட் சொல்லுங்க. தலைப்பு மட்டும் போதும், பிபிடி நான் போட்டுக்கறேன்" என்கிறான். எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. அவனுக்கேற்ற ப்ராஜெக்ட் ஒன்று நிஜமாகவே என்னிடம் இருக்கிறது, முடிவில் சொல்கிறேன்.

முதலில் எக்ஸ்வி6 என்றேன். 2006-இல் எம்ஐடியில் பாடத்துக்கென்றே எழுதிய குட்டி கர்னல். ஃபோர்க் அடித்தால் நினைவகம் மொத்தத்தையும் நகலெடுக்கும். எழுத வரும்போது அந்தப் பக்கத்தை மட்டும் நகலெடுத்தால் போதும் என்று மாற்றப்போனாலே விழி பிதுங்கிவிடும். "சின்னதா இருக்கே மாமா." லினக்ஸ் கர்னல்? "பெரிசா இருக்கே." ஹைக்கூ? 2001-இல் தொடங்கி இன்னும் பீட்டாவாம், ரெஸ்யூமேவுக்கு எடுபடாதாம். ரெடாக்ஸ்? ரஸ்ட் சிலபஸில் இல்லையாம். ஹர்டு பேச்சை நானே எடுக்கவில்லை. 1990-இல் ஆரம்பித்து இன்னும் 1.0 வராத சமாச்சாரம் அது. அரியர் வைத்திருப்பவனிடம் சொன்னால் குத்திக்காட்டுவதாக அக்கா சண்டைக்கு வருவாள்.

கடைசியில் அவனே முடிவு செய்தான்: "சொந்தமா ஒரு ஓஎஸ்." அதாவது உபுண்டுவை இறக்கி வால்பேப்பர் மாற்றுவது.

வால்பேப்பர் என்றால் மலை, ஏரி இல்லை. கல்லூரி முகப்பு, வலது மூலையில் கல்வித் தந்தை, கைகூப்பியபடி. லாகின் திரையில் கல்வித் தந்தை, உட்கார்ந்தபடி. ஷட்டவுன் திரையில் கல்வித் தாய். குப்பைத்தொட்டி ஐகானுக்குப் பக்கத்தில் இருவர் முகமும் வரக் கூடாது என்று ஹெச்ஓடியின் வாய்மொழி உத்தரவு. மாட்யூல் ஒன்று, வால்பேப்பர். இரண்டு, ஐகான். மூன்று, கால்குலேட்டரைத் தூக்கியது. ரிப்போர்ட்டில் இதற்கு 'லைட்வெயிட் ஆர்க்கிடெக்சர்' என்று பெயர். டெர்மினலில் அப்டேட் கொடுத்தால் உபுண்டு பெயர் வரிசையாக ஓடி மானத்தை வாங்கும் என்பதால் டெர்மினலையும் மறைத்துவிடுவார்கள். மாட்யூல் நான்கு, செக்யூரிட்டி. அக்னி, வீரா, சோழா என்று ஏதோ ஒரு பெயரில் குத்துவிளக்கேற்றி வெளியீடு. மறுநாள் உள்ளூர்ச் செய்தியில் விண்டோஸுக்குச் சவால். வைவாவில் எக்ஸ்டர்னல் முந்திரியை மென்றபடி, வால்பேப்பர் தானாக மாறுமா என்பார். மாறாது சார். 'ஃப்யூச்சர் என்ஹான்ஸ்மென்ட்'டில் போட்டுடுங்க.

அடித்தளம் இரவல் என்பதில் எனக்குக் கோபமில்லை. சென்னை சி-டாக்கின் பாஸ் லினக்ஸும் டெபியன் மேல் எழுந்ததுதான். ஆனால் இந்திய மொழிகளுக்காக அதில் ஆட்கள் உட்கார்ந்து வேலை பார்த்தார்கள்.

1991-இல் ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், பல்கலைக்கழகக் கணினியோடு பேசத் தன் 386-இல் ஒரு டெர்மினல் நிரல் எழுதினார். டிஸ்க்குக்கு ஒன்று, ஃபைலுக்கு ஒன்று என்று சேர்த்துக்கொண்டே போனதில் அது கர்னலாகிவிட்டது. வெறும் பொழுதுபோக்கு என்றுதான் அறிவித்தார். அடுத்த ஜனவரியிலேயே, மினிக்ஸ் எழுதிய பேராசிரியர் டானன்பாம், லினக்ஸ் காலாவதியான சரக்கு என்று சொல்லிவிட்டார். ஜீரோத் ரிவ்யூவிலேயே அவுட். நல்லவேளை, அதற்கு கைடு கையெழுத்து தேவைப்படவில்லை. யோசனை கேட்க மாமாவும் இல்லை போலிருக்கிறது.

அந்த ப்ராஜெக்ட்டைச் சொல்லிவிடுகிறேன். இருங்கள், போன். அவனுடைய டீம் மேட். லோகோவுக்குப் புலி வைப்பதா, மயில் வைப்பதா என்று கேட்கிறான்.

மயில் என்றேன். தோகை விரித்த மாதிரி.