பூட்ஸுக்கும் மடி உண்டு

இங்கிலாந்தில், அறுவடை முடிந்த கோதுமைத் தாளடியில் ஞாயிற்றுக்கிழமை காலை ஒருவர் தலையைக் குனிந்துகொண்டு, கையிலுள்ள கம்பை இடமும் வலமும் வீசியபடி ஆமை நடை நடந்து போனால், பாவம், எதையோ தொலைத்துவிட்டார் என்று இரக்கப்பட வேண்டாம். மற்றவர்கள் தொலைத்ததைத்தான் அவர் தேடுகிறார். ரோமானியச் சிப்பாய் தவறவிட்ட காசு, எந்தக் காலத்துச் சீமாட்டியின் சட்டையிலிருந்தோ உதிர்ந்த பொத்தான், எதுவானாலும் சரி. கையில் மெட்டல் டிடெக்டர், காதில் ஹெட்போன், சட்டைப்பையில் நிலத்துக்காரர் கொடுத்த அனுமதி. ஆனால் ஆளின் சாரம் காலில் இருக்கிறது. உலோகத்துக்காக உயிரை விடுகிற இந்த மனிதர், தன் பூட்ஸில் குண்டூசித் தலை அளவு உலோகம் இருந்தாலும் ஒப்ப மாட்டார். மடைப்பள்ளியில்கூட இவ்வளவு மடி பார்ப்பார்களா என்பது சந்தேகம்தான்.

பூட்ஸ் கடையில் அவரைப் பார்க்க வேண்டும். மற்றவர்கள் அளவு கேட்பார்கள், விலை கேட்பார்கள். இவர் பையிலிருந்து கேரட் நிறத்தில், ஏறக்குறைய கேரட் வடிவத்தில், ஒரு சின்னக் கருவியை உருவுவார். தோண்டிய குழிக்குள் விட்டு, காசு எந்த மூலையில் ஒளிந்திருக்கிறது என்று துழாவும் கருவி அது. அதை பூட்ஸின் மூக்கில் வைப்பார், குதிகாலில் வைப்பார், டாக்டர் தொண்டையைப் பார்ப்பதுபோல பூட்ஸின் நாக்கை அமுக்கி உள்ளே விட்டுப் பார்ப்பார். "கீ" என்று ஒரு முனகல் கேட்டால் போதும், பெட்டியை மூடிவிடுவார். "விமான நிலைய வாசலிலேயே இது சத்தம் போடாதுங்க" என்று கடைக்காரர் சத்தியம் செய்தாலும் எடுபடாது. விமான நிலைய வாசல் துப்பாக்கியைத் தேடுகிறது, நான் தேடுவது விரல்நக அளவு வெள்ளிக்காசு என்பார். இதில் அவர் பக்கம்தான் நியாயம். காந்தத்தைக் கொண்டுவந்து சோதிப்பவர்களும் உண்டு. அவர்கள் இந்தக் கூட்டத்தில் கற்றுக்குட்டிகள். பித்தளையும் அலுமினியமும் காந்தத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

இதையெல்லாம் வெறும் பித்து என்று தள்ளிவிட முடியாது. கம்பின் நுனியில் தட்டுப் போல இருக்கும் காயில் என்ற கம்பிச்சுருள், விநாடிக்குப் பல ஆயிரம் முறை திசை மாறும் காந்தப்புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது. வழியில் உலோகம் இருந்தால் அதற்குள் சுழல் மின்னோட்டம் கிளம்புகிறது. அது எழுப்பும் புலம் காயிலுக்குத் திரும்பி வந்து காதில் ஒலியாகிறது. ஒரு சாண் ஆழத்தில் கிடக்கும் காசின் முணுமுணுப்பைப் பிடிக்கிற கருவிக்கு, கால்விரல்களை மூடியிருக்கும் எஃகுக் கிண்ணம் கல்யாண மண்டபத்து நாதஸ்வரம். வீச்சு கால்பக்கம் ஒதுங்கும்போதும், குழியின் விளிம்பில் நின்றுகொண்டு மறுபடி சோதிக்கும்போதும் அந்த நாதஸ்வரம் ஊதத்தான் செய்யும். சும்மா ஊதட்டும் என்று விடவும் முடியாது. குளிர்பான டின்னைத் திறக்கும் அலுமினிய வளையமும் தங்க மோதிரமும் இந்தக் கருவியிடம் ஏறத்தாழ ஒரே குரலில் பேசுபவை. சந்தேகம் வந்தால் தோண்டியே ஆகவேண்டும் என்பது இவர்கள் சாஸ்திரம். ஆகவே விரல்மூடியில் எஃகு கூடாது என்பது ஆசாரமல்ல, அறிவு.

ஆனால் கயிறு கோக்கும் துளைகளைச் சுற்றியுள்ள பித்தளை வளையங்களுக்கும் அதே தண்டனையா? சின்ன உலோகத்தின் பதில் தூரத்தோடு சட்டென்று செத்துப்போகும். காயிலின் அகலத்தைத் தாண்டிவிட்டால், தூரம் இரட்டிக்கும்போது பதில் சுமார் 64ல் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். கணுக்கால் பக்கம் இருக்கிற வளையம், நாலடி முன்னால் போகிற காயிலுக்கு இல்லாத பொருள். இத்தனைக்கும் மனிதர் கையில் எஃகு ஸ்பேடு, இடுப்பில் பித்தளைக் கொக்கி, பையில் கார் சாவி. அதையெல்லாம் தள்ளி வைக்கலாம், காலைத் தள்ளி வைக்க முடியுமா என்று கேட்பார். கேள்வி பலமானதுதான். ஆனாலும் முடியும், அரையடி பின்னால் நகர்ந்தால் போதும். காலோடு கூடவே நகர்கிற சத்தம் காலின் சத்தம்தான் என்று கண்டுபிடிக்கப் பெரிய அனுபவமும் வேண்டாம். மடி வேறு, மடிப்பித்து வேறு.

அவர் கவலைப்பட வேண்டிய இடம் வேறு, அதை அவர் பார்ப்பதே இல்லை. அதுதான் பாதத்தின் நடுவளைவு. நாள் முழுக்க ஸ்பேடின் தோளில் ஏறி மிதிப்பது அந்த இடம்தான். பூட்ஸ் அங்கே மடங்காமலிருக்க ஷாங்க் என்று ஒரு பட்டையை உள்ளே வைப்பார்கள். பழைய முறையில் அது எஃகு. எஃகு வேண்டாம் என்று பட்டையே இல்லாத மெத்து மெத்தென்ற பூட்ஸை வாங்கினால், டிடெக்டர் வாயை மூடிக்கொள்ளும், பாதம் அலறும். நைலான் அல்லது கண்ணாடி இழைப் பட்டை இருக்கிறதா என்று கேட்டு வாங்குகிறவரே விவரமானவர். விரல்மூடி வேண்டும் என்பவருக்கும் வழி உண்டு. பாதுகாப்புக் காலணிக்கான ஐரோப்பியத் தரம் 200 ஜூல் மோதலைத் தாங்கச் சொல்கிறது. ஒரு மீட்டர் உயரத்திலிருந்து 20 கிலோ விழுவதற்குச் சமம் அது. பிளாஸ்டிக்கும் இழையும் சேர்ந்த காம்போசிட் மூடியும் அதே சோதனையைத்தான் தாண்டுகிறது. கோதுமை வயலில் 20 கிலோ எங்கிருந்து விழும் என்பது தனிக் கேள்வி. விழக்கூடியது அவருடைய சாண்ட்விச் டப்பாதான்.

உழைக்குமா என்பதற்கு உலோகம் சாட்சியல்ல. ரப்பர் பூட்ஸில் பெரும்பாலும் உலோகம் இல்லை, சேற்றுக்கும் நல்லது. ஆனால் மைல் கணக்கில் நடந்தால் உள்ளே சாதம் வடிக்கலாம். இலேசான பாலியூரிதேன் அடியுள்ளவற்றில் வேறொரு வினோதம். நல்லநாளுக்கு என்று பட்டுப்புடவை போல அலமாரியில் பொத்தி வைத்தால், காற்றின் ஈரமே அந்த அடியைச் சில வருடங்களில் அரித்து, ஒருநாள் வயலின் நடுவே ரொட்டித்தூளாக உதிர்த்துவிடும். போட்டு நடந்தால்தான் பூட்ஸ். கெட்டியான தோல், தைத்த ரப்பர் அடி, இழைப்பட்டை ஷாங்க், இந்த மூன்றும் இருந்தால் பித்தளை வளையங்களை மன்னித்துவிடலாம்.

மன்னிக்க மாட்டார். அதிலும் இரும்பு என்றாலே அவருக்கு ஆகாது. டிடெக்டரில் இரும்பின் குரல்வளையை நெரிக்க ஒரு பொத்தானே உண்டு, முதல் வேலையாக அதைத்தான் அமுக்குவார். ஆனால் 1992 நவம்பரில் சஃபோக் மாவட்டத்து ஹாக்ஸன் கிராமத்தில் ஒருவர் டிடெக்டரோடு வயலில் இறங்கியது, விவசாயி தொலைத்த ஒரு சுத்தியலைத் தேடி. அகப்பட்டது சுமார் 15,000 ரோமானிய நாணயங்களும் நகைகளும் வெள்ளிச் சாமான்களும். சுத்தியலும் கிடைத்தது. இப்போது அதுவும் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது.