கணக்குப்பிள்ளை போட்ட ராஜத்துரோக வழக்கு

ஒப்பந்தம் என்று ஒன்றைப் போட்டால் காப்பாற்ற வேண்டும். சர்வதேசச் சட்டத்தின் அஸ்திவாரக் கல் இதுதான். 1969இல் வியன்னா உடன்படிக்கை இதை 26ஆம் பிரிவாகவே எழுதி வைத்தது. எழுதுவதற்கு முன்னால் டெல்லி செங்கோட்டைப் பக்கம் ஒரு எட்டு வந்து விசாரித்திருந்தால், பேனாவை மூடி வைத்திருப்பார்கள்.

1765 ஆகஸ்ட் 12, அலகாபாத். முகலாயச் சக்கரவர்த்தி இரண்டாம் ஷா ஆலமிடம் பட்டம் இருந்தது, பட்டாளம் இல்லை. ராபர்ட் கிளைவிடம் பட்டாளம் இருந்தது, பட்டா இல்லை. கிளைவின் சாப்பாட்டு மேசைமேல் நாற்காலியைத் தூக்கி வைத்துத் துணியைப் போர்த்தி, சிம்மாசனம் தயார் என்றார்கள். சக்கரவர்த்தி ஏறி உட்கார்ந்து வங்காளம், பீகார், ஒரிசாவில் வரி வசூலிக்கும் திவான் உத்தியோகத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் தந்தார். பதிலுக்கு வருஷம் 26 லட்சம் ரூபாய் கப்பம். ஆக, சட்டப்படி கம்பெனி அவருடைய கணக்குப்பிள்ளை.

சில வருஷங்களில் ஷா ஆலம் மராட்டியர் துணையோடு டெல்லி திரும்பினார். இதுதான் சாக்கு என்று கம்பெனியின் கவர்னர் வாரன் ஹேஸ்டிங்ஸ் கப்பத்தை நிறுத்தினார். வசூலை நிறுத்தவில்லை. 1803இல் ஆங்கிலேய ஜெனரல் லேக் டெல்லியைப் பிடித்தபிறகு, கணக்குப்பிள்ளை முதலாளிக்கு மாதச் செலவுக்குப் பணம் கொடுக்க ஆரம்பித்தார். மரியாதைக்கு மட்டும் குறைவில்லை. ஷா ஆலம் 1806இல் போய்ச் சேர்ந்த பிறகும், 1835 வரை கம்பெனி நாணயத்தில் அவர் பெயர்தான்.

1857இல் கலகம் செய்த மீரட் சிப்பாய்கள் டெல்லிக்கு வந்து, ஷா ஆலமின் பேரன் பகதூர் ஷா ஜாஃபரைத் தலைவராக்கினார்கள். ஜாஃபர் எண்பதைத் தாண்டியவர், கவிஞர். கஜலுக்கு எதுகை தேட வேண்டிய வயதில் பீரங்கிக்கு மருந்து தேட வேண்டியதாயிற்று. செப்டம்பரில் ஹுமாயூன் கல்லறையில், உயிருக்கு ஆபத்தில்லை என்று ஆங்கிலேய அதிகாரி ஹாட்சன் வாய்வார்த்தையாகச் சொன்னதை நம்பிச் சரணடைந்தார். மறுநாள் அதே ஹாட்சன் இளவரசர்கள் மூவரைச் சுட்டுக் கொன்றார். உத்தரவாதத்தில் அவர்கள் பெயர் இல்லையாம்!

1858 ஜனவரி 27 அன்று விசாரணை தொடங்கியது. இடம், செங்கோட்டையில் கிழவரின் சொந்த தர்பார் மண்டபமான திவான்-இ-காஸ். நீதிபதிகள், பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகள். கம்பெனி ஆட்சிக்குப் பிரஜையாக இருந்துகொண்டு, தன்னையே இந்தியாவின் அரசர் என்று அறிவித்துக்கொண்ட துரோகி என்பது ஒரு குற்றச்சாட்டு. கணக்குப்பிள்ளை முதலாளியைக் கூண்டில் ஏற்றி, ‘நீ எப்படி முதலாளி என்று சொல்லலாம்?’ என்று கேட்கிற வழக்கு. கிழவர் பல நேரம் தூங்கி வழிந்தார். அந்த நீதிமன்றத்துக்கு அதைவிடப் பொருத்தமான பதில் மனு கிடையாது.

மார்ச் 9இல் தீர்ப்பு: குற்றவாளி. ஆனால் தூக்கு இல்லை, ரங்கூன். காரணம், ஹாட்சன் கொடுத்த வாக்கு! முத்திரை குத்திய 26 லட்ச ஒப்பந்தம் காற்றில் போனது, வாய்வார்த்தை நின்றது. 1922இல் பக்ளர் என்ற வரலாற்றாசிரியர், உண்மையில் கலகம் செய்தது கம்பெனிதான் என்று வாதிட்டார். அப்பீலுக்குக் கொஞ்சம் தாமதம். ஜாஃபர் இறந்து அறுபது வருஷம் ஆகியிருந்தது.

1945 நவம்பரில் அதே கோட்டையில் இன்னொரு வழக்கு. இந்திய தேசிய ராணுவத்தின் ஷா நவாஸ் கான், சேகல், தில்லான் மூவரும் பிரிட்டிஷ் மன்னருக்கு எதிராகப் போர் தொடுத்தார்களாம். விடுதலைக்காக ஓர் அரசு முறைப்படி போர் அறிவித்தால், அதில் சண்டை போட்டவனைச் சர்வதேசச் சட்டப்படி துரோகி என்று தண்டிக்க முடியாது என்று அவர்களுடைய வக்கீல் புலாபாய் தேசாய் பிளந்து கட்டினார். நேருவே பழைய வக்கீல் அங்கியை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். தீர்ப்பு? வழக்கம்போல் குற்றவாளி.

ஆனால் தளபதி ஆகின்லெக் ஆயுள் தண்டனையை ரத்து செய்து மூவரையும் வீட்டுக்கு அனுப்பினார். ஜாஃபர் வழக்கின்போது டெல்லிவாசிகளை ஊரைவிட்டே விரட்டியிருந்தார்கள், கத்த ஆளில்லை. இந்த முறை தேசமே தெருவில் கத்தியது. சர்வதேசச் சட்டத்தில் சத்தத்துக்கென்று பிரிவு எதுவும் இல்லை. நடைமுறையில் அதுதான் முதல் பிரிவு.