ஊர் மூட்டை: அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரங்களை முன்வைத்து ஓர் ஆய்வு

பொங்கலுக்கோ கோயில் கொடைக்கோ முன்னோர் ஊருக்குப் போய்த் திரும்பும் குடும்பம், கொண்டுபோன சுமையைவிட மிகுதியாகக் கொண்டுவரும் அரிசி, புளி, எண்ணெய், தேங்காய் முதலியவற்றின் தொகுதி இங்கே 'ஊர் மூட்டை' எனப்படும். துணிப்பெட்டி இதில் அடங்காது. பெட்டியைக் கட்டுபவர் பயணி, மூட்டையைக் கட்டுபவர் ஊரிலேயே தங்கிவிடுபவர் என்பதால், முன்னதன் எடைக்குச் சுமப்பவர் பொறுப்பாவதும் பின்னதன் எடையில் அவருக்குக் குரலே இல்லாததும் இயல்பு.

இவ்வாய்வுக்கு மேற்குச் சென்னையைவிடத் தக்க களம் அரிது. 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கப்பட்டதும், 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை உருவானதும், 1965இல் ஆவடியிலிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்ததும் பல மாவட்டத்தாரை இப்பகுதிக்கு இழுத்து வந்தன. லேத்தில் நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று ஊருக்கு விருந்தாளிகளாகப் போய், மூட்டையோடு திரும்புகின்றனர். டாங்கி செய்த ஊரிலும் இம்மூட்டையை மாடி ஏற்றுவதற்கு இயந்திரம் எதுவும் செய்யப்படவில்லை என்பது வருந்தத்தக்கது.

பொருளியல் இம்மூட்டையின் முன் திகைத்து நிற்கிறது. அதே அரிசி தெருமுனை மளிகைக் கடையில் கிடைக்கும். சுமைக்கூலி, ஆட்டோ வாடகை, மறுநாள் முதுகுவலிக்கான தைலம் ஆகியவற்றைக் கூட்டினால் ஊர் அரிசியே விலை கூடியது. ருசிதான் காரணம் என்பார் உளர். ஆனால் தாமிரபரணிப் பாசனத்தில் விளைந்த அந்த அரிசி, 1996 முதல் பூண்டிக்கு வந்துகொண்டிருக்கும் கிருஷ்ணா நீரும் செம்பரம்பாக்கத்து ஏரி நீரும் கலந்த குழாய்த் தண்ணீரிலோ, அதுவும் வராத நாளில் கேன் தண்ணீரிலோதான் வேகிறது. அதன்பின் ருசி எந்த ஆற்றுக்குரியது என்று பிரித்தறிவது எளிதன்று.

உள்ளடக்கத்தில் கடைப்பொருள், வீட்டுப்பொருள் என இரு பெரும் பிரிவுகள் உண்டு. திருநெல்வேலி அல்வா, மணப்பாறை முறுக்கு, 2020இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலைமிட்டாய் ஆகியன முதற்பிரிவு. இவை அலுவலகத்துக்கும் எதிர்வீட்டுக்கும் உரியவை, இரண்டு நாளில் தீர்ந்துவிடும். கொட்டை எடுக்காத புதுப்புளி, செக்கெண்ணெய், கருப்பட்டி, இடித்த மிளகாய்ப்பொடி ஆகியன இரண்டாம் பிரிவு. இவற்றை வெளியாருக்குக் கொடுப்பது குற்றமாகக் கருதப்படும். கட்டைப்பையின் வாய்க்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முருங்கைக்காய் எப்பிரிவையும் சேராது. பக்கத்து இருக்கைக்காரரின் கண்ணுக்கு நேரே நிற்பதே அதன் பயன்போலும். சுற்றுச்சுவருக்கும் மோட்டார் அறைக்கும் இடையிலுள்ள ஒன்றரை அடி மண்ணை நம்பிக் கொண்டுவரப்படும் கறிவேப்பிலைக் கன்று தனி ஆய்வுக்குரியது.

போக்குவரத்து நோக்கில், தென்மாவட்டப் பேருந்துகள் கோயம்பேட்டில் வந்து நின்ற காலமும், 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் முனையம் திறக்கப்பட்ட பிறகான காலமும் வேறு வேறு. முனையம் தள்ளிப்போனதால் மூட்டை சிறுத்திருக்க வேண்டும், சிறுக்கவில்லை. மாறாக, பேருந்து திண்டிவனத்தைத் தாண்டும்போதே பூந்தமல்லியிலுள்ள மருமகனுக்குத் தொலைபேசி அழைப்பு போவதும், அவர் முன்பக்கம் சாக்கு வைப்பதற்கென்றே பிறந்ததுபோன்ற டி.வி.எஸ். எக்ஸ்எல் வண்டியோடு வெளிவட்டச் சாலை வழியே விடியலில் வந்து நிற்பதும் புது வழக்கங்களாயின.

மூட்டையின் உட்பொருளைவிட அதன் கலமே முதன்மையானது என்பது இக்கட்டுரையின் துணிபு. எண்ணெய் பெரும்பாலும் பெயர் வெட்டிய எவர்சில்வர் தூக்கில்தான் வரும். அதைக் கையில் கொடுக்கும்போது, "எண்ணெ சிந்தாமப் பாத்துக்கோ, தூக்க மறக்காமக் கொண்டாந்துரு" என்று தாயோ அத்தையோ சொல்வது மரபு. ஏனத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கலாகாது என்ற வழக்கமும் இருப்பதால், கொண்டுவந்தவர் அதில் சர்க்கரையேனும் நிரப்பி மறுபடி ஊருக்குப் போயாக வேண்டும். ஆகவே எண்ணெய் கடனின் முதல் அன்று. தூக்கே முதல், எண்ணெய் அதற்குரிய கூலி. ஆவடிச் சமையலறைகளின் பரணில் அடுத்தடுத்துக் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும் தூக்குகள், தவணை தவறிய பயணங்களின் பதிவேடாகும்.

அண்மையில் தூக்கின் இடத்தைக் குடிநீர் பாட்டில்கள் பிடித்துவருவதாலும், அவற்றைத் திருப்பித் தர வேண்டாம் என்று கொடுப்பவரே சொல்லத் தொடங்கியிருப்பதாலும் இக்கோட்பாடு ஆட்டம் காண்கிறது. பாட்டில் எண்ணெய் பெற்றவர் அடுத்த பொங்கலுக்கு வேறு காரணம் தேட வேண்டியிருக்கும். கறிவேப்பிலைக் கன்று பட்டுப்போனது என்ற காரணம் இதுவரை எவ்வூரிலும் மறுக்கப்பட்டதில்லை.