மாத்திரைக்கு எத்தனை மார்க்?

இதயச் செயலிழப்புக்குக் கொடுக்கும் மருந்தின் பலனை அளக்கக் கோல்கள் பல உண்டு: இதயம் வெளியேற்றும் ரத்தம், மரணம், ஆஸ்பத்திரி அட்மிஷன், நோயாளியின் சொந்த வாக்குமூலம். எந்தக் கோலை எடுப்பது என்பதில் மெடிக்கல் ரெப்பும் புள்ளியியல் பேராசிரியரும் ஒத்துப்போவது அபூர்வம்.

ரெப்: இதுல என்ன சார் குழப்பம்? இதயம் நல்லா பம்ப் பண்ணினா மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம்.

பேராசிரியர்: மில்ரினோன் அதைத்தான் செஞ்சுது. மாத்திரையாக் கொடுத்துப் பார்த்த பிராமிஸ் ஆய்வு 1991-ல வந்தது. நோய் முத்தின 1088 பேர். டம்மி மாத்திரை சாப்பிட்டவங்கள்ல 24 சதவீதம் பேர் இறந்தாங்க, மில்ரினோன் சாப்பிட்டவங்கள்ல 30.

ரெப்: பம்ப்?

பேராசிரியர்: பிரமாதம். ஆள்தான் இல்லை.

மரணத்தை மட்டும் எண்ணினால் ஆய்வுக்கு ஏராளமான ஆளும் காலமும் தேவைப்படும். ஆகவே இதயநோய் மரணம், இதயச் செயலிழப்புக்கான அட்மிஷன் இரண்டில் எது முந்துகிறதோ அதை ஒன்றாக எண்ணுவது வழக்கம். இரண்டு நாள் படுத்து எழுந்தவரும் இறந்தவரும் இதில் சரிசமம். முதல் அட்மிஷனுக்குப் பிறகு அதே ஆள் இறந்தே போனாலும் இந்தக் கணக்கில் மேலும் ஒன்று ஏறாது.

ரெப்: இந்தக் கணக்குலதான் 2014 பாராடைம் ஆய்வுல சாகுபிட்ரில்-வால்சார்டன் எனலாப்ரிலை 20 சதவீதம் முந்திடுச்சு. 8399 பேர் சார்!

பேராசிரியர்: 26.5 சதவீதம் 21.8 ஆச்சு. வித்தியாசம் 4.7. 27 மாசம்போல 21 பேருக்குக் கொடுத்தா ஒருத்தருக்கு அந்தக் கஷ்டம் வராம தடுக்கலாம்.

ரெப்: போஸ்டர்ல 20-தான் சார் எடுப்பா இருக்கும்.

பேராசிரியர்: ரெண்டும் உண்மைதான். பக்கவிளைவுன்னு வந்தா மட்டும் போஸ்டர் எல்லாம் சின்னக் கணக்குக்கு மாறிடுதே, அதான் புரியலை.

வாக்குமூலத்தை அளக்கக் கான்சாஸ் சிட்டி வினாத்தாள் இருக்கிறது. குளிக்க முடிகிறதா, மாடி ஏறினால் எப்படி, மூன்று தலையணையாவது வைத்தால்தான் தூக்கமா என்று கேட்டு 0 முதல் 100 வரை மார்க் போடும். ஒரு நோயாளிக்கு 5 புள்ளி கூடினால் அவருக்கே தெரியும் மாற்றம் என்று கொள்வார்கள்.

ரெப்: பாராடைம்ல அதுலயும் புது மருந்துக்குத்தான் ஜெயம்.

பேராசிரியர்: எட்டாம் மாசம் புது மருந்துக்காரங்க 2.99 புள்ளி இறங்கினாங்க, மத்தவங்க 4.63. கம்மியாத் தோத்ததும் ஜெயம்தான்.

ரெப்: இறந்தவங்களுக்குப் பூஜ்யம் போட்டா சராசரி இறங்காம என்ன செய்யும்?

ரெப் மடக்கிவிட்டார். ஆனால் இறந்தவரை விட்டுவிட்டால் உயிரைக் காக்காத மருந்துக்கு மார்க் ஏறும். மிஞ்சியவர்கள் திடமானவர்கள் அல்லவா. மரணத்தையும் மற்றதையும் சரிசமமாக எண்ணாமல் முக்கியத்துவப்படி வரிசைப்படுத்த ஸ்டூவர்ட் பொக்காக் குழு 2012-ல் முன்வைத்தது வெற்றி விகிதம். மருந்து எடுத்தவர் ஒவ்வொருவரையும் எடுக்காதவர் ஒவ்வொருவரோடும் ஜோடி சேர்த்து, முதலில் மரணத்தைப் பார்ப்பார்கள். அதில் தீர்ப்பு கிடைக்காவிட்டால்தான் அட்மிஷன், அதற்கும் கீழே வினாத்தாள். மருந்து ஜெயித்த ஜோடிகளைத் தோற்ற ஜோடிகளால் வகுத்தால் விகிதம்.

ரெப்: 2022 எம்பல்ஸ் ஆய்வு, எம்பாக்ளிஃப்ளோசின், 530 பேர், 90 நாள். விகிதம் 1.36! 36 சதவீதம் கூடுதலாப் பிழைச்சாங்க!

பேராசிரியர்: பிழைச்சாங்கன்னு யார் சொன்னது? 53.9 சதவீத ஜோடிகள்ல மருந்து ஜெயிச்சுது, 39.7-ல தோத்துது. அந்த 53.9-ல மரணத்தை வச்சு ஜெயிச்சது 7.2. வினாத்தாளை வச்சு 35.9.

ரெப்: தலையணை குறைஞ்சாலும் ஜெயம்தானே சார்?

பேராசிரியர்: சந்தேகமே இல்லை. அப்போ போஸ்டர்ல தலையணைப் படத்தையே போடுங்க.