நிஜாம் கணக்கில் ஒரு பீப்பாய்

ஹைதராபாத் நிஜாம் என்றதும் ஜேக்கப் வைரத்தைப் பேப்பர் வெயிட்டாக வைத்திருந்த கதையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அந்த வம்சத்தின் இன்னொரு பெருமை வெளியே வருவதே இல்லை. அடுத்தவன் குடித்ததற்கு இவர்கள் நூறு வருஷத்துக்கு மேல் பில் கட்டியிருக்கிறார்கள்.

ஆரம்பித்து வைத்தவர் நிஜாம் அலிகான். 1795-ல் கர்தாவில் மராட்டியர்களிடம் செம அடி. தெற்கே ஸ்ரீரங்கப்பட்டினத்தில் திப்பு வேறு மீசையை முறுக்கிக்கொண்டிருந்தார். மனுஷன் வெலவெலத்துப் போய் 1798-ல் கிழக்கிந்தியக் கம்பெனியோடு ஓர் ஒப்பந்தம் போட்டார். கம்பெனிப் படை ஹைதராபாத்தில் தங்கிக் காவல் காக்கும், செலவு நிஜாமுடையது. இரண்டே வருஷத்தில் கம்பெனி பவ்யமாக இன்னொரு யோசனை சொன்னது. எதற்கு மாசாமாசம் பணத்துக்கு அலைய வேண்டும், நிலமாகவே கொடுத்துவிடுங்களேன்! 1800-ல் கடப்பை, பல்லாரி, அனந்தபூர்ப் பக்கமெல்லாம் கைமாறியது. அங்கே வரி வசூலுக்குப் போனவர்தான், சென்னை தீவுத்திடல் பக்கம் அங்கவடி இல்லாத குதிரைமேல் இன்றும் உட்கார்ந்திருக்கும் தாமஸ் மன்றோ.

படைக்கு இடமும் வேண்டுமே. 1806-ல் ஹுசைன் சாகர் ஏரிக்கு வடக்கே ஒரு கன்டோன்மென்ட் முளைத்தது. அப்போதைய நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயரையே அதற்கு வைத்து செகந்தராபாத் ஆக்கினார்கள். நிலத்தைக் கொடுத்தவருக்கு ஒரு போர்டு.

வெள்ளைக்காரச் சிப்பாய்க்குத் தக்காண வெயிலில் இரண்டே வேலை. காலையில் பரேடு, மீதி நேரம் தாகம். உள்ளூர்ச் சாராயத்தைக் குடித்தால் நேரே ஆஸ்பத்திரி, சில நாள் நேரே கல்லறை. ஆகவே பீர் கொடுத்தால் பிழைப்பான் என்று ராணுவம் கண்டுபிடித்தது. சிப்பாய்க்குக் கறுப்பு நிறப் போர்ட்டர், ஆபீசருக்குப் பொன்னிறப் பேல் ஏல். ஜாதி வித்தியாசத்தை நம் ஆட்கள்தான் கண்டுபிடித்தார்கள் என்று யார் சொன்னது?

இந்த பீர் வந்த வழியைக் கேட்டால் குடிக்கவே மனசு வராது. இங்கிலாந்தில் ஏற்றிய பீப்பாய் ஆப்பிரிக்காவின் நுனியைச் சுற்றி மாசக்கணக்கில் ஆடி ஆடி மசூலிப்பட்டினம் வரும். அங்கே கடல் ஆழமில்லை. கப்பல் தூரத்தில் நிற்க, படகில் இறக்கிக் கரை சேர்க்க வேண்டும். பிறகு முன்னூறு கிலோமீட்டருக்கு மேல் மாட்டுவண்டி. ஹாக்ஸ்ஹெட் என்ற பெரிய பீப்பாயில் 54 காலன், நம் கணக்கில் 245 லிட்டர். மாடு முக்கி, வண்டிக்காரர் முனகி, வழியிலேயே பாதி புளித்து வந்து சேர்ந்ததைத்தான் துரைமார்கள் மூக்கைப் பொத்தாமல் குடித்தார்கள். அதுதான் வீரம்.

லண்டனில் இதே நேரம் பீருக்கு ராஜ மரியாதை நடந்தது. 1868-ல் திறந்த செயின்ட் பாங்க்ரஸ் ஸ்டேஷனில் ரயில் மாடியில் ஓடியது, கீழ்த்தளம் முழுக்க பர்ட்டன் ஊர் பீருக்கான கிடங்கு. வேகன்களைக் கீழே இறக்கத் தனி லிஃப்ட். தூண்களுக்கு நடுவே எவ்வளவு இடம் விடுவது என்பதை எஞ்சினியர் பார்லோ பீப்பாயை அளவுகோலாக வைத்தே முடிவு செய்தார். நம் ஸ்தபதி முழக்கோலோடு நின்ற இடத்தில் அவர் பீப்பாயோடு நின்றார்.

1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தது. 1871-ல் பம்பாய்க்கும் மதராசுக்கும் தண்டவாளம் இணைந்தது. ஹைதராபாத் ராஜ்யத்தின் ஓரமாக, வாடி வழியாக ரயில் போனது. வாடியிலிருந்து செகந்தராபாத் 190 கிலோமீட்டர்தான். இந்த இடைவெளியைப் பார்த்து வெள்ளைக்காரனுக்கு நாக்கு ஊறியது. படையை அவசரத்துக்கு நகர்த்த ரயில் வேண்டும் என்று எழுத்தில் சொன்னார்கள். படை நகரும்போது பீப்பாயை விட்டுவிட்டா நகரும்?

காசு? வழக்கம்போல நிஜாம். அப்போதைய நிஜாம் மகபூப் அலிகான் இரண்டரை வயசில் கத்தி கட்டிக்கொண்டு பட்டத்துக்கு வந்தவர். 1874-ல் ரயில் ஓட ஆரம்பித்தபோது அவருக்கு எட்டு வயசு. ஆக, பல் விழுந்து முளைக்கும் வயசில் ஒரு பட்டாளத்துக்கே பீர் வண்டி விட்ட ஒரே மன்னர் அவர்தான். ராஜ்யத்தை நடத்திய சாலார் ஜங் மகா புத்திசாலி. முன்பு ஒரு படைச்செலவுப் பாக்கிக்காக 1853-ல் பறிபோன பேராரை, வெள்ளைக்காரனை அனுசரித்து நடந்தால் திரும்ப வாங்கிவிடலாம் என்று கணக்குப் போட்டார். ரயில் வந்தது. பேரார் வரவே இல்லை.

இனி கூட்ஸ் ஷெட்டுக்குள் போவோம். ரயில் சரக்கில் இரண்டு ரேட் உண்டு. ரயில்வே பொறுப்பு என்றால் கட்டணம் அதிகம், அனுப்புகிறவர் பொறுப்பு என்றால் கொஞ்சம் குறைவு. ரயில்வேக்காரர் கண்முன் ஏற்றாத சரக்கு என்றால் ரசீதில் ‘உள்ளே இருப்பதாகச் சொல்லப்படுவது’ என்று எழுதுவார்கள். வேதாந்தம் படித்த ஆள் யாரோதான் அந்த வரியை எழுதியிருக்க வேண்டும். பீர் விஷயத்தில் அது நூற்றுக்கு நூறு உண்மை. பீப்பாய்த் திருட்டு உலகமெங்கும் ஒரே டெக்னிக். இரும்பு வளையத்தைக் கொஞ்சம் நகர்த்தி, அடியில் துளையிட்டு, ஒரு குழலைச் செருகி உறிஞ்சிவிட்டு, மரக்குச்சியால் அடைத்து, வளையத்தைப் பழைய இடத்துக்குத் தட்டிவிட வேண்டியது. பார்த்தால் சீல் அப்படியே இருக்கும். தூக்கினால்தான் தெரியும்.

1883-ல் ரயிலைச் சாந்தா வரை நீட்டும் திட்டம் வந்தது. இந்தத் தடவை ஊரில் சிலர் முழித்துக்கொண்டு, யார் காசு, என்ன வட்டி, கணக்கைக் காட்டு என்று கூட்டம் போட்டார்கள். அவர்களில் ஒருவரான அகோரநாத் சட்டோபாத்யாயா, சரோஜினி நாயுடுவின் அப்பா, பெரிய படிப்புப் படித்த கல்லூரி முதல்வர். அரசு பதிலாக அவரை ஊரைவிட்டே அனுப்பியது. கணக்கு கேட்டால் கட்சியைவிட்டு அனுப்புவது தமிழ்நாட்டு மரபு. ஊரைவிட்டே அனுப்புவது நிஜாம் மரபு.

1896-ல் பெங்களூரிலிருந்து ஒரு போலோ டீம் ஹைதராபாத் வந்து கோல்கொண்டா கோப்பையைத் தட்டிக்கொண்டு போனது. அதில் ஒரு குண்டுக்கன்னப் பையன், வின்ஸ்டன் சர்ச்சில். பெங்களூர் கிளப்பில் அவர் வைத்துவிட்டுப் போன 13 ரூபாய் பாக்கி, வராக்கடன் பட்டியலில் இன்னமும் பத்திரமாக இருக்கிறது. சாம்ராஜ்யம் முழுக்க ஒரே பழக்கம்.

கப்பல் பீர் கட்டுப்படியாகாமல் குளிர் மலைகளில் பீர் ஆலைகள் எழுந்தன. கசௌலி, முர்ரீ, நம் நீலகிரி. நீலகிரியின் காசில் ப்ரூவரி உட்பட ஐந்து தென்னாட்டு ஆலைகளைச் சேர்த்து 1915-ல் தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் யுனைடெட் ப்ரூவரீஸ் தொடங்கினார். பீப்பாய் பீப்பாயாக வெள்ளைப் பட்டாளத்துக்கு சப்ளை. 1947-ல் நாடு நம் கைக்கு வந்தது, கம்பெனி விட்டல் மல்லையா கைக்கு வந்தது. அவர் பிள்ளை 2016-ல் லண்டன் போனதும், வங்கிகள் வாசலில் நின்றதும் ஊரறிந்த கதை.

ரயில் என்ன ஆச்சு? நிஜாம் அரசு 1930-ல் அதை முழுசாக விலைக்கே வாங்கியது. சுதந்திரத்துக்குப் பிறகு அது இந்திய ரயில்வேயில் கலந்தது. செகந்தராபாத்தைத் தலைமையிடமாக வைத்துத் தென் மத்திய ரயில்வே பிறந்த தேதி 1966 அக்டோபர் 2. பீர் வண்டி ஓடிய ஊருக்குக் காந்தி ஜெயந்தியில் நாள் குறித்த புண்ணியவான் யாரோ!

காந்தி விடவில்லை. 1995 ஜனவரியில் ஆந்திர முதல்வர் என்.டி.ராமராவ் பூரண மதுவிலக்கைக் கொண்டுவந்தார். ஊர் நாக்கு வறண்டதோ இல்லையோ, கஜானா நாக்கு வறண்டது. 1997-ல் மருமகன் சந்திரபாபு நாயுடு கடையைத் திறந்துவிட்டார்.

இப்போது பீருக்கு ரயிலே வேண்டாம். ஹைதராபாத்துக்குப் பக்கத்தில் சங்காரெட்டி வட்டாரத்திலேயே ஆலைகள், லாரியில் ஏற்றினால் சாயங்காலத்துக்குள் கடை. ஆனால் நடுவில் நம் டாஸ்மாக் மாதிரி ஓர் அரசுக் கழகம் உட்கார்ந்திருக்கிறது. ஆலை அதனிடம்தான் விற்க வேண்டும். 2025 ஜனவரியில் யுனைடெட் ப்ரூவரீஸ், ‘2019-20க்குப் பிறகு விலையை உயர்த்தவில்லை, கொடுத்த சரக்குக்குக் கோடிக்கணக்கில் பாக்கி’ என்று சொல்லி தெலங்கானாவுக்கு சப்ளையை நிறுத்தியது. ஒரு நூற்றாண்டாகப் பட்டாளத்துக்கும் பாமரனுக்கும் ஊற்றிய கம்பெனி, குழாயை மூடிவிட்டுக் கைகட்டி நின்றது. பத்துப் பன்னிரண்டு நாளில் சமாதானமாகி சப்ளை திரும்பியது. பிப்ரவரியில் அரசு பீர் விலையை 15 சதவீதம் ஏற்றியது. அதைக் கடையில் நின்று எண்ணிக் கொடுத்தவர்கள் ஹைதராபாத் ஜனங்கள்.

கடப்பையை எழுதிக் கொடுத்து 225 வருஷம் கழித்து, ஹைதராபாத்தில் குடிக்கிறவனே முழு பில்லையும் கட்டுகிறான். இதை முன்னேற்றம் என்று சொன்னால் நிஜாம் அலிகானாவது சந்தோஷப்படுவார்.