பூவுக்கு ஜெயில், நாருக்கு லைசென்ஸ்

எட்டாம் ஹென்றி என்றதும் அவருடைய ஆறு கல்யாணம்தான் ஞாபகத்துக்கு வரும். அத்தனை கல்யாண பிஸியிலும் மனுஷன் விவசாயத்தைக் கவனித்திருக்கிறார். 1533-இல் ஒரு சட்டம்: 60 ஏக்கர் உழுகிறவர் கால் ஏக்கரிலாவது ஆளியோ ஹெம்ப்போ போட்டாக வேண்டும். போடாவிட்டால் அபராதம்! கயிறு, பாய்மரத் துணி, வலை எல்லாம் அந்த நாரில்தான். ஆமாங்க, ஹெம்ப் என்பது நீங்கள் நினைக்கிற அதே கஞ்சாச் செடிதான்.

அடுத்து பிரான்ஸின் தாவர மேதை லமார்க். பாண்டிச்சேரியில் உத்தியோகம் பார்த்த சொன்னரா என்பவர் இந்தியாவிலிருந்து கொண்டுபோன செடியை 1785-இல் ஆராய்ந்தார். தண்டு கெட்டி, பட்டை மெலிசு, நாருக்கு லாயக்கில்லை, தலைக்கு ஏறுவதுதான் இதன் விசேஷம் என்று எழுதி, 'இண்டிகா' என்று தனிப் பெயரும் சூட்டினார். வெள்ளைக்காரச் செடிக்கு உழைப்பாளிப் பட்டம், நம்மூர்ச் செடிக்குக் குடிகாரப் பட்டம்!

1893-இல் லண்டன் பார்லிமென்டுக்கு ஒரு கவலை. கஞ்சாவால் இந்தியர்களுக்குப் பைத்தியம் பிடிக்கிறதாமே? போட்டார்கள் ஒரு கமிஷன். ஏழு மெம்பர்கள், 1,193 சாட்சிகள், மூவாயிரம் பக்கத்துக்கு மேல் ரிப்போர்ட். மனநல விடுதி ரெஜிஸ்டர்களைப் புரட்டினால், 'காரணம்' என்ற கட்டத்தில் வரிசையாகக் கஞ்சா. எந்த டாக்டர் கண்டுபிடித்தார்? டாக்டராவது! ஆளைக் கொண்டுவந்து விட்ட போலீஸ்காரர் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறார்கள். கடைசியில் கமிஷனின் தீர்ப்பு: அளவோடு இருந்தால் பெரிய கேடில்லை, தடை வேண்டாம், வரி போடுங்கள். வெள்ளைக்காரன் எதை மறந்தாலும் கல்லாவை மறக்க மாட்டான்.

ராஜாஜிக்குக் கல்லா பெரிதில்லை. 1937 அக்டோபர் 1-ஆம் தேதி தன் சொந்தச் சேலம் ஜில்லாவிலேயே மதுவிலக்கை ஆரம்பித்தார். கள்ளைப் பிடிக்கப் போட்ட அந்தச் சட்டத்தில் கஞ்சாவும் சேர்ந்தே மாட்டியது.

பிறகு 1985-இன் போதைப்பொருள் சட்டம். இதை எழுதியவர்கள் செடியைக் கறிக்கடைக்காரர் மாதிரி பார்ட் பார்ட்டாகப் பிரித்துவிட்டார்கள். பூக்கும் நுனியும் பிசினும் குற்றம். பூ ஒட்டாத இலையும் விதையும் 'கஞ்சா' கணக்கில் வராது. அதற்காகத் தோட்டத்தில் செடியை வைத்துவிடாதீர்கள், அதற்கு 10 வருஷம் வரை உள்ளே இருக்கலாம். ஆனால் அதே சட்டத்தின் 14-ஆம் பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? நாருக்கும் விதைக்கும் என்றால் அரசு அனுமதி கொடுக்கலாமாம். இந்தக் கதவு இருப்பதே பல வருஷம் யார் கண்ணிலும் படவில்லை. 2018-இல்தான் உத்தராகண்ட் முதல் லைசென்ஸைக் கொடுத்தது. கண்டிஷன்: டி.எச்.சி என்ற போதைச் சரக்கு 0.3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. செடிக்கு யார் போய்ச் சொல்வது?

2021-இல் உணவுத் தர ஆணையம் ஹெம்ப் விதையையும் எண்ணெயையும் சாப்பாட்டு லிஸ்டில் சேர்த்தது. ஆக, விதை சூப்பர் மார்க்கெட்டில், இலை காசியில் பாங்காக, பூ கோர்ட்டில்!

நம்ம கொங்குக் காட்டில் சணப்புக்கு இந்த வம்பெல்லாம் கிடையாது. இங்கிலீஷ்காரன் இதையும் 'சன் ஹெம்ப்' என்றுதான் கூப்பிடுவான். ஆனால் இது அவரை, துவரைக்குச் சொந்தம், போதையே கிடையாது. கோயமுத்தூர் வேளாண் பல்கலைக்கழகமே பசுந்தாள் உரத்துக்குப் போடச் சொல்கிறது. 45 நாளில் பூ எடுக்கும். எடுத்ததும் உழுது மடக்கிவிட வேண்டியதுதான், ஜாமீனே வேண்டாம்.

இந்த ஐந்நூறு வருஷக் கதையை நம்மூர் ஸ்பின்னிங் மில்காரர் ஒருத்தரிடம் சொல்லிப் பாருங்கள். ஹென்றி, லமார்க், கமிஷன், பிரிவு 14 எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்: "அதெல்லாம் இருக்கட்டுங்க, நாப்பதாம் கவுண்ட் நூல் ஓட்ட முடியுங்களா? கிலோ என்ன ரேட்டுங்க?"