காலணிப் புணரியல்

பாயிரம்

தமிழ் இலக்கணம் ஐந்து: எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி. அந்த ஐந்தாவதில் காலணி எங்காவது வருகிறதா என்று தேடிப் பார்த்தவன் நான். உவமை இருக்கிறது, உருவகம் இருக்கிறது, காலணி இல்லை. பவணந்தி முனிவருக்குக் குதிகால் வலி இருந்ததாகத் தெரியவில்லை. இருந்திருந்தால் நன்னூலில் ஓர் அதிகாரம் கூடியிருக்கும்.

நூல் எழுந்த காரணம் கேளுங்கள். காலையில் கட்டிலை விட்டு இறங்கி வைக்கும் முதல் அடி, ஆணியின் மேல் வைத்ததுபோல் இருந்தது. பத்து அடி நடந்ததும் குறையும். மறுநாள் காலை மறுபடியும் அதே ஆணி. டாக்டர் பிளான்டார் ஃபேசியைட்டிஸ் என்றார். போதாததற்குத் தட்டைப் பாதம் என்றார். ஃபோம் பெட்டியில் காலை அமுக்கி அச்செடுத்து, பத்து நாளில் ஒரு ஜோடி செய்து கொடுத்தார்கள். டாக்டர் அதை ஆர்தோட்டிக் என்கிறார். செய்து கொடுத்த பட்டறையில் கஸ்டம் இன்சோல். என் மனைவி "அந்தத் தகடு" என்கிறாள். இந்நூலும் தகடு என்றே வழங்கும். கடையில் ஷூவோடு சேர்ந்தே வரும் மெல்லிய விரிப்புக்கு மட்டும் இன்சோல் என்று பெயர். இரண்டையும் குழப்பிக்கொள்வோர் கடை மாணாக்கர். அவர்களுக்கு இந்நூல் சொல்லற்க.

என் அலுவலகத்தில் செருப்புக்கு அனுமதி இல்லை. ஆக, கறுப்பு ஃபார்மல் ஷூ நிலைமொழி, தகடு வருமொழி. இவை இரண்டும் புணருங்கால் நிகழ்வன யாவை என்பதே நூற்பொருள்.

வருமொழி இயல்

தகடு மூவினம். பாலிபுரொப்பிலீன், கார்பன் ஃபைபர் போன்றவற்றால் ஆனது வல்லினம். விரலால் அழுத்தினால் வளையாது. ஆனால் மூன்று நான்கு மில்லிமீட்டர் கனத்துக்குள் வேலையை முடித்துவிடும். மெடிக்கல் ஷாப்பில் தொங்கும் ஜெல், ஸ்பாஞ்சு வகையறா மெல்லினம். மெத்தென்று இருப்பதால் நல்லது என்று தோன்றும், இடத்தையோ தாராளமாக அடைத்துக்கொள்ளும். ஈ.வி.ஏ., தக்கை முதலியன இடையினம். கடினமானது குறைந்த இடத்தில் அடங்கும், மென்மையானது அதிக இடம் கேட்கும் என்பதை நான் காசு கொடுத்துக் கற்றேன்.

மாத்திரையும் உண்டு. குதிகாலில் தொடங்கி விரல்களுக்கு முன்னால் உள்ள திரட்சிக்குச் சற்றுப் பின்னாலேயே நின்றுவிடும் முக்கால் நீளத் தகடு குறில். விரல் நுனிவரை போவது நெடில். குதிகாலுக்கு அடியில் மட்டும் வைக்கும் சிலிக்கான் கிண்ணம் அரை மாத்திரை; ஆய்தம்போல் தனித்து நிற்கும். ஃபார்மல் ஷூவில் மிக ஒடுங்கிய இடம் விரல்பகுதி. அங்கே கை வைக்காததால் குறிலுக்குப் பொருந்தும் ஷூக்கள் அதிகம். இன்னும் அச்செடுக்காதவர்கள், எந்த ஷூவில் போடப் போகிறீர்கள் என்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நான் சொல்லவில்லை. ஸ்போர்ட்ஸ் ஷூ மாட்டிக்கொண்டு போயிருந்தேன். அதற்கேற்ற நெடில் கிடைத்தது.

நிலைமொழி இயல்

ஷூவை விலையால் வகுப்பர் செல்வர். பளபளப்பால் வகுப்பர் மாப்பிள்ளை வீட்டார். தகட்டுக்காரன் வாயால் வகுப்பான்.

வாய் மூடி என்பது ஆக்ஸ்ஃபோர்டு. லேஸ் துளைகள் உள்ள இரண்டு இதழ்களையும் முன்பகுதித் தோலுக்கு அடியில் வைத்துத் தைத்திருப்பதால், லேஸை எவ்வளவு தளர்த்தினாலும் ஓரளவுக்கு மேல் திறக்காது. கோட்டு சூட்டுக்கு இதைவிட மரியாதையான ஷூ இல்லை என்பார்கள். மரியாதை மேல்தோலோடு சரி, உள்ளே ஒரு மில்லிமீட்டர்கூடக் கூடுதலாகத் தராது.

வாய் திறந்தது டெர்பி. இதில் இதழ்கள் முன்பகுதியின் மேலே உட்கார்ந்திருக்கும். லேஸை அவிழ்த்தால் புத்தகம்போல் விரியும். தகடு காலைத் தூக்கினால் இதழ்களும் தூக்கி வழி விடும். தகட்டுக்காரனின் குலதெய்வம் இதுதான்.

லோஃபர் வாயில்லாப் பூச்சி. லேஸ் இல்லை, பக்கிள் இல்லை. காலின் மேற்பகுதியை இறுகப் பிடித்தே அது நிற்கிறது. உள்ளே ஐந்து மில்லிமீட்டர் உயர்ந்தால் மேலே நசுக்கும். நசுக்காத அளவுக்குப் பெரிதாக வாங்கினால் பின்னால் கழன்று வரும். பக்கிள் வைத்த மாங்க் ஸ்ட்ராப், பெயருக்கேற்பத் துறவி: ஓட்டைகள் மூன்றோ நான்கோ, அதற்குள் திருப்திப்பட வேண்டும்.

இங்கே ஒரு தடை எழும். வீட்டு வாசலில், கோயிலில், உறவினர் வீட்டில், சில கிளினிக்குகளில்கூட ஷூவைக் கழற்றுகிற ஊர் நம்முடையது. ஒரு நாளைக்கு ஆறு முறை குனிந்து லேஸ் கட்டுவது யாரால் முடியும்? அதனால்தான் நம்மவர்கள் வாயில்லாப் பூச்சியையே விரும்புகிறார்கள். இதற்கு விடை: முடியாதுதான், இருந்தாலும் குனிக. குதிகால் வலிக்குப் பின்தொடைத் தசையை நீட்டும் பயிற்சி சொல்லியிருப்பார்களே, அதில் ஒன்று கழிந்ததாக நான் கணக்கு வைத்துக்கொள்கிறேன்.

மகளிர் கோர்ட் ஷூவும் வாயில்லாப் பூச்சியின் இனமே, குதியின் உயரம் வேறு சேர்கிறது. தட்டையான ஷூவுக்கென்று செய்த தகடு, உயர்ந்த குதியுள்ள ஷூவில் ஊஞ்சல் ஆடும். குறுக்கே வார் வைத்த, குதி தாழ்ந்த வகையே அவர்களுக்கு டெர்பி.

அளவை இயல்

நம் கடைகளில் பெரும்பாலும் நடப்பது பிரிட்டிஷ் எண். அதில் ஒரு சைஸுக்கும் அடுத்ததற்கும் உள்ள வேறுபாடு அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஏறக்குறைய 8.5 மில்லிமீட்டர். ஒரு வாற்கோதுமை மணியின் நீளம் என்பது பழைய கணக்கு. ஐரோப்பிய எண்ணில் இந்தப் படி 6.67 மில்லிமீட்டர். அகலத்துக்கும் எழுத்து உண்டு, ஆனால் அந்த எழுத்தை நம் கடைகளில் கேட்டால் வேறு பாஷை பேசியதுபோல் பார்ப்பார்கள். அமெரிக்கக் கடைகளில் 1920களிலிருந்து புழங்கும் பிரானக் என்ற உலோகத் தட்டு பாதத்தின் நீளம், அகலம், குதிகாலிலிருந்து பெருவிரல் மூட்டு வரையுள்ள தூரம் ஆகிய மூன்றையும் சொல்லிவிடும்.

சென்னை அடையாற்றில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பரிலிருந்து 2022 மார்ச் வரை நாடெங்கும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பாதங்களை முப்பரிமாணத்தில் அளந்தது. இந்தியப் பாதம் ஐரோப்பியப் பாதத்தைவிட அகலம் என்று கண்டார்கள். நமக்கென்று ஓர் அளவு முறையை முன்மொழிந்து, பாரதத்தின் முதலெழுத்தால் "பா" என்று பெயரும் வைத்தார்கள். அணியிலக்கணம் கைவிட்ட காலணியை யாப்பிலக்கணம் காப்பாற்றும் என்று நான் மகிழ்ந்ததுண்டு.

ஆனால் தகட்டுக்காரனுக்கு வேண்டியது நீளமும் அல்ல, அகலமும் அல்ல. ஆழம். அதைப் பெட்டியின் மேல் எந்த எண்ணும் சொல்வதில்லை. எனவே நூற்பா:

நீளமும் அகலமும் எண்ணால் அமையும்;
ஆழம் ஒன்றே அணிந்தறி பொருளே.

எதுகை இல்லை என்று புலவர்கள் முகம் சுளிக்கலாம். குதிகால் வலியில் மோனை கிடைத்ததே பெரிது.

இந்த நூற்பாவை அறியாதோர் சொல்வதுதான் "ஒரு சைஸ் பெருசா எடுத்துக்குங்க சார்". எட்டாம் எண் காலுக்கு ஒன்பது வாங்கினேன். கேட்காத நீளம் 8.5 மில்லிமீட்டர் கிடைத்தது, சுற்றளவு கால் அங்குலம்போல் கூடியது, ஆழமோ பேருக்குத்தான். ஷூ மடங்க வேண்டிய இடம் என் விரல் மூட்டைத் தாண்டிப் போய் மடங்கியது. அலுவலக வராந்தாவில் நான் வருவது ஒரு நிமிடம் முன்பே எல்லோருக்கும் கேட்டது. அமெரிக்க மெடிகேர் விதி வேறு வழியில் யோசிக்கிறது. நீரிழிவுக்காரர்களுக்கான ஆழ ஷூ என்றால், உள்ளிருக்கும் முழுநீள விரிப்பை எடுத்ததும் குறைந்தது அங்குலத்தில் பதினாறில் மூன்று பங்கு கூடுதல் ஆழம் கிடைக்க வேண்டும் என்கிறது. ஐந்து மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. என் நெடில் அதற்குள் அடங்கிவிடும்.

புணர்ச்சி இயல்

இயல்பாகப் புணர்வது எம்.சி.ஆர். செருப்பு. அடியும் மெத்தையும் ஒன்றாகவே பிறந்தவை, விகாரம் இல்லை. தொழுநோயால் பாதத்தில் உணர்ச்சி இழந்தவர்களுக்காக வேலூரிலும் கரிகிரியிலும் டாக்டர் பால் பிராண்ட் போன்றோர் பாடுபட்ட காலத்தில் பரவிய நுண்துளை ரப்பர் அது. இன்று குதிகால் வலிக்காரர் வீடுதோறும் இருக்கிறது. என் கால் அதில் சொர்க்கத்தில் இருக்கும். மேலாளர் பார்க்காத வரையில்.

ஷூவில் நிகழ்வது விகாரப் புணர்ச்சி. அது தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்று. தோன்றல் என்பது கொப்புளம். திரிதல் என்பது கட்டையில் போட்டு அகட்டுதல். "லெதர் சார், போடப் போட லூஸாயிடும்" என்பார்கள். பக்கவாட்டில் ஆகும், மேல்நோக்கி ஆகாது. கெடுதலே தலையாயது: இன்சோலைக் கெடுத்து, அந்த இடத்தில் தகட்டை வைத்தல். ஆகவே கடையில் முதல் கேள்வி விலை அன்று; "இன்சோல் வெளியே வருமா?" என்பதே. வந்தால் அதன் மேல் தகட்டை வைத்துப் பாருங்கள். தகடு விளிம்பு தாண்டினால் அந்த ஷூ வேண்டாம். வராவிட்டால் ஒட்டியிருக்கிறது என்று பொருள். நான் ஒன்றை வீட்டில் தோசைத் திருப்பியால் பெயர்த்தேன். அடியில் அட்டையும் குதியில் ஆணித் தலைகளும் தெரிந்தன. தோசைத் திருப்பி திரும்பவும் சமையலறைக்குள் அனுமதிக்கப்படவில்லை. விலை உயர்ந்த, வெல்ட் தையல் போட்ட ஷூவில் நிலைமை இன்னும் மோசம்; அதன் உள்ளடியே தையலோடு சேர்ந்த உறுப்பு, கெடுக்கவே முடியாது. காசு கூடக் கூடத் தகட்டுக்கு இடம் குறைவது இந்த ஒரு துறையில்தான் என்று நினைக்கிறேன்.

குதிகாலில் மட்டும் சிறிது இடைவெளி விழுந்தால் உடம்படுமெய் உண்டு. ஷூவின் நாக்குக்கு அடியில் ஒட்டும் சிறு பேட், காலைப் பின்னுக்குத் தள்ளிக் குதியோடு சேர்க்கும்.

வலி மிகும் இடங்கள் நான்கு. தகட்டால் குதி உயர்ந்து ஷூவின் பின்சுவர் உரசும் இடம், லேஸுக்கு அடியில் கால்மேடு, சுண்டுவிரல், குறிலின் முன்விளிம்பு. வலி மிகா இடம், நான் கண்டவரையில், சாயங்காலம் ஏழு மணிக்கு, கால் வீங்கியிருக்கும்போது, தகட்டைக் கையோடு கொண்டுபோய், இரண்டு காலிலும் போட்டு, கம்பளம் விரிக்காத தரையில் நடந்து பார்த்து வாங்கிய டெர்பி. எட்டாம் எண், அகலமான வார்ப்பு, இன்சோல் கழன்றது.

புறனடை

நிலைமொழியும் வருமொழியும் சேர்ந்தே கெடுதலும் உண்டு. போன மாதம் ஒரு கல்யாண மண்டப வாசலில் கழற்றிப் போட்டேன். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் இல்லை. எடுத்துப் போனவர் இதைப் படிக்க நேர்ந்தால் ஒரு வேண்டுகோள். ஷூவை வைத்துக்கொள்ளுங்கள், 2,800 ரூபாய்தான். உள்ளே இருக்கும் தகடு என் காலுக்கு அச்செடுத்தது. உங்களுக்கு வலியைத் தவிர வேறொன்றும் தராது. மண்டபத்து வாட்ச்மேனிடம் கொடுத்துவிடுங்கள். அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.